பத்துப் பேருக்கும் ஒரே வரிசை

மாசி 4, திங்கள்

பனி விட்டுவிட்டது. தறிக்குப் பாவு நூலைத் தெருவில் நீட்டிக் காயவைக்க நல்ல வெயில். நான் கைநாட்டு, நான் சொல்ல மகள் சரோஜா எழுதுகிறாள். எழுபத்திரண்டு வயதில் நோட்டு எதற்கு என்று கேட்டாள். சும்மா எழுதும்மா.

பட்டணத்துக் காலேஜிலிருந்து வசந்தா என்று ஒரு பெண். மனசு எப்படி வேலை செய்கிறது என்பது படிப்பாம். படிக்காதவர்களுக்கு ஞாபகம் எப்படி என்று பார்க்க நம் தெருவில் பத்துப் பேர் வேண்டுமாம். ஒவ்வொருவராகப் பஜனை மடத்துக்குக் கூப்பிட்டுப் பதினாறு வார்த்தை வாசிக்கும். கரண்டி, எருமை, நாடா, உப்பு, கன்றுக்குட்டி... எல்லாம் தாறுமாறாக. ஐந்து நிமிடம் கழித்து நாம் திருப்பிச் சொல்ல வேண்டும்.

முதல் ஆள் நான். பதினாறும் வந்தது. அடுப்படிச் சாமான் முதலில், அப்புறம் மாட்டுக் கொட்டகை, அப்புறம் தறி, கடைசியில் கடைத்தெரு. மனதுக்குள் அப்படியே நடந்து போனேன்.

"யாருகிட்டயும் இந்த வார்த்தைங்களைச் சொல்லாதீங்க ஐயா."

சரி என்றேன்.

மூக்குப்பொடி தீர்ந்துவிட்டது.

மாசி 5, செவ்வாய்

விடிந்ததும் தெருவில் பாவு. மற்ற ஒன்பது பேரும் நூலுக்குப் போடும் கஞ்சிக் கையோடு. ஏகாம்பரத்துக்கு ஒரே பயம்.

"நேத்து தின்னதே மறந்துபூடுதுபா. அந்தப் பொண்ணு முன்னாடி முழிச்சிக்கினு நிக்கணுமா?"

"கைநாட்டுப் பசங்களுக்கு மண்டையில ஒண்ணும் இல்லன்னு எழுதிக்கினு போவும்," என்றான் துரைசாமி.

சுருக்கென்றது. பாவில் இழை அறுந்தால் பக்கத்தில் நிற்கிறவன் பிணைப்பான். யார் பாவு என்று பார்ப்பதில்லை. பதினாறையும் இழை எண்ணும் ராகத்தில் சொன்னேன். பாவு காய்வதற்குள் ஒன்பது பேருக்கும் பாடம்.

"முனுசாமி அண்ணே, நீ வாத்தியாரா போயிருக்கணும்!"

மாசி 7, வியாழன்

எல்லாரும் முடித்தாயிற்று. எல்லாருக்கும் பதினாறு. ஏகாம்பரத்துக்குக்கூட! டீக்கடையில் சிரித்து வயிற்றுவலி.

சாயங்காலம் வசந்தா வந்தது. முகமெல்லாம் பல்.

"ஐயா, அதிசயம்! நான் கலைச்சுப் போட்டு வாசிச்சேன். பத்துப் பேரும் ஒரே வரிசையில திருப்பிச் சொல்றாங்க. அடுப்படி, மாடு, தறி, கடை. இந்தத் தெருவுக்கே ஒரே மாதிரி ஞாபகம்! சனிக்கிழமை எங்க புரொபசர் முன்னாடி இதைத்தான் வாசிக்கப் போறேன்."

காபி கொடுத்து அனுப்பினேன்.

அது என் வரிசை.

மாசி 8, வெள்ளி

நேற்று எழுதியதைச் சரோஜா எனக்கே வாசித்துக் காட்டினாள். பிறகு பேனாவை மூடிவிட்டாள்.

"ஏம்பா, அத்தினி பேர் முன்னாடி நின்னுக்கினு அது பொய்யைப் படிக்கப்போவுது. உனக்கு நோவலையா?"

நொந்தது.

வசந்தா தங்கியிருந்த டீச்சர் வீட்டுக்குப் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தது. பாவு, ராகம், எல்லாம் சொன்னேன். புடவையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"பத்துப் பேர் இல்லைங்க ஐயா. உங்க ஒருத்தரையே பத்து தடவை கேட்டிருக்கேன்."

கோபமா என்றேன்.

"உங்க மேல இல்ல. நாலு நாள் இழுத்ததும், எல்லாருக்கும் ஒரே வார்த்தைங்களைக் கொடுத்ததும் நான்தானே."

"அப்ப சனிக்கிழமை?"

"நடந்ததை நடந்தபடி வாசிப்பேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டது. "மறுபடி வரலாமா?"

"வாம்மா. நீ சொல்றபடி கேக்கறேன்."

மாசி 13, புதன்

வசந்தா வந்தேவிட்டது! புரொபசர் அரை மணி நேரம் திட்டினாராம். அப்புறம், சொன்னாயே அதுவே பெரிது, திரும்பப் போ என்றாராம்.

புது வார்த்தைகள். ஒரே நாளில் ஒன்பது பேர். முடித்தவர் பின்வாசல் வழியே போய்த் தனியாக உட்கார வேண்டும். மறந்தாலும் அவமானம் இல்லை, மறப்பதும் தனக்கு வேண்டும் என்று எல்லாருக்கும் முதலிலேயே சொல்லிவிட்டது. எனக்குச் சோதனை கிடையாது. முன்வாசலில் காவல்.

"ஒரே ஒரு வார்த்தையாவது உடுண்ணே," துரைசாமி கெஞ்சினான்.

"எனக்கே தெரியாதுடா. போ உள்ள."

மதியத்துக்குள் முடிந்தது. வசந்தா நோட்டோடு ஓடிவந்தது. ஒன்பது பேர், ஒன்பது வரிசை. ஒருவர் மாதிரி ஒருவர் இல்லை. இரண்டு பேர் பதினாறும். மற்றவர்கள் முன்னே பின்னே.

பின்னாலேயே ஏகாம்பரம், தலையைச் சொறிந்துகொண்டு.

"அஞ்சு வார்த்தையை மறந்துட்டேன்பா. அதுக்குப் போயி கையைப் புடிச்சிக்கினு தேங்க்ஸ் சொல்லுது!"