உன் சட்டைக்கு இன்னும் வேர்க்கிறது

மச்சான்,

இன்று காலை மருந்துக் கொட்டகையைத் திறந்தபோது உன் சட்டை மறுபடியும் நனைந்திருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. கூரை ஒழுகவில்லை, நான்கு நாட்களாக மழையும் இல்லை. அலமாரிக்குப் பின்னால், அதே ஆணியில், அதே கருநீலச் சட்டை. முதுகுப் பக்கம் கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் நீ கழற்றி மாட்டிவிட்டுப் போனதுபோல. கையை மோந்து பார்த்தேன். உன் வாடை போய் வெகுகாலமாகிவிட்டது. மிச்சமிருப்பது பழந்துணியின் நாற்றம் மட்டும்தான். ஆனாலும் மோந்து பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

என்னைப் பேய் பிசாசு ஒன்றும் பிடிக்கவில்லை, பயப்படாதே. அடுப்படியில் இருக்கும் உப்புச் சாடி ஈரக்காற்று பட்டால் நீர்விடுமே, அதேதான் இது. உன் சட்டையில் உப்பு ஊறிக் கிடக்கிறது. காற்றில் ஈரம் மிஞ்சினால் அந்த உப்பு அதை இழுத்துக்கொள்கிறது. எஸ்டேட்டில் டிரெஸ்ஸர் என்று பேர் வாங்கி, மருந்துப் புட்டிகளோடு காலம் தள்ளுகிறவனுக்கு இதுகூடத் தெரியாதா? தெரிந்து என்ன பயன்! ஈரத்தைத் தொட்டதும் முதலில் நீ வருகிறாய். உப்பு பற்றிய விளக்கமெல்லாம் பிறகுதான் வருகிறது.

நாம் ஒரே கப்பலில் வந்தவர்கள். அதற்கு முன்னால் எனக்கு உன் முகமே தெரியாது. நாகப்பட்டினம் கண்ணுக்கு மறைந்த இரண்டாம் நாள், வாந்தியெடுத்துத் துவண்டு கிடந்த எனக்குக் கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் உன் பெண்சாதி காளியம்மா. "எந்திரிச்சுக் குடிங்கண்ணே" என்றாள். நீ பக்கத்தில் நின்று சிரித்தாய். "அவளுக்கு அண்ணன்னா எனக்கு மச்சான்ல? குடி மச்சான், கடல்ல தூக்கிப் போட்டுறப் போறாங்க" என்றாய். நம் உறவு அப்படித்தான் வந்தது. ரத்தமும் இல்லை, சீர்செனத்தியும் இல்லை. அவள் சொன்ன ஒரு சொல்தான்.

மலாக்காப் பக்கம், டுரியான் துங்காலுக்கு உள்ளே தள்ளி இருந்த இந்தத் தோட்டத்தில் இறக்கிவிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்ததால் மருந்துக் கொட்டகை. உன் தோளைப் பார்த்து மண்வெட்டி. பள்ளத்துச் சதுப்பை வடிக்க வாய்க்கால் வெட்ட வேண்டியிருந்தது. இங்கே அதற்குக் கான் என்று பேர். நீ கான் வெட்டும் ஆளானாய்.

வந்த முதல் வாரமே இந்த ஊர் வெயிலை நீ ஏளனம் செய்ய ஆரம்பித்துவிட்டாய். விடியற்காலையில் பெரட்டுக்கு எல்லாரும் வரிசையில் நின்று பேர் கொடுக்கும்போது உன் குரல்தான் பெரிதாகக் கேட்கும். "இதெல்லாம் ஒரு வெயிலா? நம்ம ராமநாதபுரத்துப் பங்குனிய இங்க கொண்டாந்து விட்டா இந்த ரப்பர் மரமெல்லாம் வேரோட பேந்து ஓடிப்போயிரும்!" வரிசையே சிரிக்கும். எங்களை வேலை வாங்கும் மண்டோர்கூடத் திரும்பி நின்று சிரிப்பார்.

வெயிலை அளக்க நீ வைத்திருந்த கோல் உப்பு. நம் பக்கத்தில் வியர்வைக்கு வழிய நேரமிருக்காது. வந்த வேகத்தில் காய்ந்து, சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துவிடும். உப்பு எவ்வளவு அகலமோ வெயில் அவ்வளவு பெரிது. அதற்கென்றே கருநீலத் துணி வாங்கித் தைத்தாய். வெள்ளைச் சட்டையில் உப்பு தெரியாதாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நமக்கு வேறு பேச்சே கிடையாது. எந்த வருஷத்து வெயில் பெரிது என்று கட்டி உருளாத குறையாகச் சண்டை போடுவோம்.

என் கட்சி கிணறு வற்றிய வருஷம். நாம் வந்து இரண்டாவது மாசி அது. ரப்பர் இலை எல்லாம் ஒரேயடியாக உதிர்ந்து தோட்டம் மொட்டையாய் நின்றது. நிழல் என்று ஒதுங்க ஓர் இடமில்லை. நாம் குடியிருந்த லயத்துக் கிணற்றில் வாளி போட்டால் சேறு வந்தது. நாக்கு வறண்டு என்னிடம் வந்தவர்களுக்குக் கொடுக்க என்னிடமே தண்ணீர் இல்லை. அன்றைக்கு உன் முதுகில் உப்பு இரண்டு சாண். "போனாப் போகுது, வெயிலுன்னு ஒத்துக்கலாம்" என்று பெரிய மனது பண்ணினாய்.

உன் கட்சி லாலாங் தீப்பற்றிய வருஷம். எல்லையில் ஆள் உயரம் நின்ற லாலாங் புல் காய்ந்து தானாகத் தீப்பிடித்து மூன்று நாள் எரிந்தது. மரத்தில் கட்டிய மங்குகளில் இறங்கிய பால் எடுப்பதற்குள் கட்டியாகிப்போனது. வேலை முடிந்து வந்த நீ லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை முதுகைக் காட்டிக்கொண்டே நடந்தாய். உப்பு தோளில் ஏறிக் கைவரை இறங்கியிருந்தது. "பாருங்கடா, நம்மூரு வந்துருச்சு!" என்று கத்தினாய். காளியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர முதுகுல கட்டித் தூக்கிட்டு வந்திருக்காராம். தொவைக்கிறது யாரு? நானுல்ல!"

மூன்றாவதாக ஒரு வருஷம் இருக்கிறது. அதை நாம் போட்டியில் சேர்க்கவே இல்லை. வெயிலே அடிக்காத வருஷத்தை எப்படிச் சேர்ப்பது?

ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பி முடிந்த சமயம். வானம் மூடிக்கொண்டது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. பானையை மூடி அடுப்பில் வைத்ததுபோல் ஒரு புழுக்கம். நெருப்புக்குச்சி உரசினால் நமுத்துப்போய் முனை உதிர்ந்தது. கணக்கு எழுதும் கிராணியின் காகிதத்தில் மை ஊறிப் பரவி எழுத்து புரியாமல் போயிற்று. காலில் போடும் என் சப்பாத்தில் பூஞ்சணம் பிடித்தது. அடுப்படி உப்பு முழுவதும் தண்ணீராய் நின்றது. இத்தனையையும் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அலுத்துக்கொண்டேன். சேர்த்துவைத்து யோசிக்கத்தான் புத்தியில்லை.

வேலிக்கு அப்பால் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்திலிருந்து வாழைப்பழம் கொண்டுவரும் மலாய்க்காரர் அந்த நாட்களில் தம் வீட்டுப் படிக்கட்டில் வெறும் உடம்போடு சாய்ந்தே கிடந்தார். ஏன் தோப்புக்குப் போகவில்லை என்று நீ கேட்டாய். "அங்கின் தாடா" என்றார் அவர். காற்று இல்லை என்று அர்த்தம். அவ்வளவுதான் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டார். நீ அந்த வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். "காத்து அடிச்சாத்தான் வேலைக்குப் போவாராம்! மனுசனா, பாய்மரக் கப்பலா?" நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

அந்தக் காலைக்கு இப்போது வர வேண்டும். இத்தனை வருஷம் தள்ளிப் போட்டாயிற்று.

பெரட்டு முடிந்ததும் நீ கொட்டகை வாசலில் வந்து நின்றாய். நீ மருந்துக்கு வருகிற ஆளே இல்லை. அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும். "மச்சான், ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. தலை கிறுகிறுங்குது. இன்னைக்கு ஒரு நாள் படுத்துக்கட்டுமா? துண்டு எழுதிக் குடு" என்றாய். நான் எழுதிக் கொடுத்தால் போதும், மண்டோர் ஒன்றும் சொல்ல மாட்டார். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குச்சியை உன் நாக்குக்கு அடியில் வைத்தேன். பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. என் வாய்க்குக் கொழுப்பு. "திரும்பு, உப்பக் காட்டு" என்றேன். நீயும் பழக்கத்தில் திரும்பினாய். "ஒரு பொட்டு உப்பு இல்ல. வானத்துல வெயிலும் இல்ல. ராமநாதபுரத்துச் சிங்கத்துக்கு இதுக்கே தலை சுத்துதா? போ மச்சான், சாக்கு சொல்லாத" என்றேன். வருஷக்கணக்கில் நீ அடித்த கேலியைத் திருப்பிக் கொடுக்க எனக்குக் கிடைத்த ஒரே சமயம். அதை விடுவேனா? நீயும் சிரித்தாய். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கிப் போனாய்.

காற்றுப் புகாத பள்ளம் அது. உப்பு பூக்க வேண்டுமென்றால் வியர்வை காய வேண்டும். காயவே இல்லை என்றால் உடம்புச் சூடு எங்கே போகும்? இதை நான் பிற்பாடு ஒரு பெரிய டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

உச்சிக்கு முன்னால் இரண்டு பேர் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. உள்ளே உடம்பு மட்டும் காய்ந்து, அடுப்புக்கல்லாய்க் கொதித்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரி கேட்டு ஆள் ஓடினான். லாரி வெளியே போயிருந்தது. கண்ணாடிக் குச்சியில் பாதரசம் கடைசிக் கோட்டில் முட்டிக்கொண்டு நின்றது. நீ யார் யாரிடமோ பேசினாய். நடுவில் ஒரு தடவை என்னை அடையாளம் கண்டாய். "உப்பு இருக்கா, பாரு மச்சான்" என்றாய்.

"இருக்கு மச்சான். நெறைய இருக்கு" என்றேன்.

நீ போனபோது பொழுது சாயவில்லை. காளியம்மா மார்பில் அடித்துக்கொண்டு என்னைக் கேட்டது ஒரே கேள்விதான். "வெயிலே இல்லியேண்ணே, எப்படிண்ணே?" நான், "காய்ச்சல்மா, மூளைக்கு ஏறிடுச்சு" என்றேன். கொட்டகைப் புத்தகத்திலும் காய்ச்சல் என்றே எழுதினேன். காலையில் நீ வந்ததை எழுதவில்லை. செத்தவர் துணியை எரித்துவிடுவது நம் வழக்கம். உன் மற்றத் துணிகளை எரித்தார்கள். இதை நான் கொடுக்கவில்லை. மறைத்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து வெயில் வந்தது. அலமாரிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். சட்டை காய்ந்து விறைத்திருந்தது. முதுகு, தோள், கை, நெஞ்சு, காலர் வரை வெள்ளை. கிணறு வற்றிய வருஷத்தையும் லாலாங் பற்றிய வருஷத்தையும் சேர்த்தால்கூட அவ்வளவு இருக்காது. நம் சண்டையில் நாம் இரண்டு பேரும் தோற்றுப்போனோம். எல்லாவற்றிலும் பெரிய வருஷம் அதுதான், மச்சான்.

அதிலிருந்து தினமும் காலையில் சட்டையைத் தொட்டுப் பார்க்கிறேன். காய்ந்திருந்தால் பேசாமல் இருப்பேன். ஈரமிருந்தால் பெரட்டுக்குப் போய், இன்றைக்குப் பள்ளத்துக்கு ஆள் இறக்க வேண்டாம், மேட்டு வேலை கொடு என்பேன். மண்டோருக்கு ஏதாவது ஒரு வியாதியின் பேரைச் சொல்லுவேன். டிரெஸ்ஸருக்கு மூளை குழம்பிவிட்டது என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். ஒரு சட்டையைக் கேட்டுக்கொண்டு போய்ச் சொல்கிறேன் என்று தெரிந்தால் இன்னும் நன்றாகப் பேசுவார்கள்.

இன்று காலையும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். பின்னாலேயே காளியம்மா வந்தாள். அவளுக்கு இப்போது பள்ளத்தில் புல் வெட்டும் வேலை. தலைமுடி பாதி நரைத்துவிட்டது. வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வருசா வருசம் பாக்குறேண்ணே. வெயில் கொளுத்துற நாளுல ஒண்ணும் சொல்றதில்ல நீங்க. வெயிலே இல்லாத நாளாப் பாத்துப் பள்ளத்துல எறங்காதங்கிறீங்க. அவரு போன நாளும் இப்படித்தான் மூடிக் கெடந்துச்சு. ஏண்ணே?"

இன்னொரு வியாதியின் பேர் என் நாக்கு நுனி வரை வந்தது. அவளிடம் அதைச் சொல்ல முடியவில்லை. அலமாரியை நகர்த்தினேன். ஆணியைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல் இல்லை, புழுக்கம். காலையில் நீ வந்து துண்டு கேட்டாய், நான்தான் கேலி பேசி அனுப்பினேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கையை நீட்டி முதுகுப் பக்கத்தைத் தொட்டாள். விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள்.

"அன்னைக்குக் காலைல இதத் தொட்டுப் பாத்தீங்களா?"

"கண்ணால பாத்தேன்மா. தொடல."

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன். சட்டையின் மடிப்பை நீவிவிட்டாள். சட்டையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"இதத் தொவைச்சுறாதீங்க" என்றாள். மேட்டு வேலைக்கு நடந்துபோய்விட்டாள்.

அண்ணே என்று சொல்லவில்லை, மச்சான். காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றேன். கப்பலிலிருந்து இன்று காலைவரை அந்தச் சொல் இல்லாமல் அவள் என்னிடம் பேசி முடித்ததே கிடையாது. அவளுக்கு நான் அண்ணன் இல்லை என்றால் உனக்கு நான் யார்? இந்த மடலின் தலையில் பழக்கத்தில் எழுதிவிட்ட சொல்லை அடித்துவிடலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். அடிக்க மனம் வரவில்லை. உரிமை இல்லாமலே கூப்பிடுகிறேன், பொறுத்துக்கொள்.

வெளியே இன்னும் இலை அசையவில்லை. பள்ளம் காலியாக இருக்கிறது. நாளைக் காலை கதவைத் திறந்ததும் விளக்கைக்கூட ஏற்றாமல் முதலில் உன் முதுகைத் தொடுவேன்.