வளவுக்குள் வந்த சாரை

செவ்வாய், இரவு

இன்று பின்னேரம் வீட்டுப் பின்பக்க வளவில் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்க, ஒரு சாரைப்பாம்பு என் காலடியால் போனது. எலி தேடி வந்திருக்கும். எனக்குப் பயம் வரவில்லை, அசையாமல் நின்று பார்த்தேன். அகப்பையோடு குசினி வாசலில் நின்ற மாமி கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு அண்ணை பொல்லோடு ஓடிவந்தார்.

"அடிக்காதேங்கோ அண்ணை, அது சாரை. ஒண்டும் செய்யாது" என்று குறுக்கே நின்றனான். அதற்குள் அது வேலியால் போய்விட்டது.

மாமி உடனே கட்டாருக்கு ஃபோன் எடுத்து மகனிடம் சொல்லிவிட்டா. ஏழு மணிக்கு என் மனுசன் எனக்கு எடுத்தார்.

"இனி வளவுக்குள்ள இறங்காதை. வாற கிழமை தம்பி ஆக்களைக் கூட்டிவந்து முழுக்கச் சீமெந்து போடுவான்."

"கத்தரி இப்பதான் பூக்குது."

"கத்தரிக்காய் கடையிலை வாங்கலாம்தானே."

துறைமுகக் கந்தோரில் கிடைத்த வேலைக்குப் போகவேண்டாம் என்று சொன்னபோதும் இப்படித்தான், கோபமே இல்லாமல் கதைத்தவர். எனக்கென்று இந்த வளவு ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"ஓம்" என்றுதான் சொன்னனான்.