மறுதாம்புத் தட்டுகள்

என் ஆசை அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் திரும்பிவிட்டது. போன வாரம் திதி கொடுத்து, காக்கைக்குச் சோறு வைத்து, வந்தவர்களுக்கு இலை போட்டு அனுப்பினோம். காக்கை கூப்பிட்ட உடனே வந்துவிட்டது. உயிரோடு இருந்தவரை எந்த விசேஷத்துக்கும் சொன்ன நேரத்துக்கு வராதவள், சாப்பாட்டுக்கு மட்டும் எப்படி வந்தாய் என்று கேட்டேன். பெரியம்மா என்னை முறைத்தாள்.

உன்னிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. உன் ஜாஸ் தட்டுகளை என்ன செய்தோம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். தோடு யாருக்கு, பட்டுப்புடவை யாருக்கு என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னாய். ஒரு பீரோ நிறைய நெட்டுக்குத்தலாக அடுக்கி வைத்திருந்த இசைத்தட்டுகளைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. மறந்துவிட்டாயா? இல்லை, அந்தப் பேச்சை எடுத்தால் அழுதுவிடுவோம் என்று விட்டுவிட்டாயா?

மாமா ஓசூர் வீட்டைக் காலி செய்கிறார். உன் வீட்டுக்காரருக்கு நீ இல்லாத ஓசூரில் என்ன வேலை? கம்பெனியிலிருந்து நின்றுவிட்டார். பாரூருக்குப் போய் அண்ணன் தம்பிகளோடு கரும்பையும் நெல்லையும் பார்க்கப் போகிறார். ஏரிக்கால்வாய் ஓரத்து வீடு, சுவரெல்லாம் ஈரம் ஏறிக் கிடக்கும். தட்டுகளை அங்கே கொண்டுபோனால் ஒரே மழையில் அட்டையெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். எனக்கோ தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒற்றை அறை. கட்டில் போட்டால் பீரோவுக்கு இடமில்லை, பீரோ போட்டால் கட்டிலுக்கு இடமில்லை.

இடம் இருந்தாலும், அந்த இசை எனக்குப் பிடிக்காது. அதை உன் முகத்துக்கு நேராகவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கம்பெனியில் உனக்கு நாளெல்லாம் கியர் பெட்டியை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிற வேலை. இதில் ஊளைச் சத்தம் வருகிறது, இதில் வரவில்லை என்று பிரித்துப் போட வேண்டும். வீட்டுக்கு வந்தாவது அந்தக் காதுக்கு ஓய்வு கொடுக்கக் கூடாதா என்று கேட்டதற்கு நீ சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"அங்க ஊளை வந்தா ரிஜெக்ட்டுடி. இங்க ஒருத்தன் அதையே வேணும்னு ஊதறான், ஊர் உக்காந்து கேக்குது. எனக்கு எவ்ளோ நிம்மதியா இருக்குது தெரியுமா?"

அப்புறம் என்னை இழுத்து உட்கார வைத்து, "டிரம்ஸ மட்டும் கேளு. நம்ம சாமல்பட்டி மாரியம்மன் கோயில் பம்பை மாதிரியே இல்ல? ஒருத்தன் கேள்வி கேக்கறான், இன்னொருத்தன் பதில் சொல்றான்" என்பாய். எனக்கு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பேசவிடாமல் கத்துவது போலத்தான் கேட்கும். நம் வீட்டுச் சண்டை மாதிரி இருக்கிறது என்பேன். அதற்கும் சிரிப்பாய்.

தட்டு சேர்க்கிறவர்கள் எல்லோரும் முதல் அச்சுக்குத்தான் நாயாய் அலைவார்கள். நீயும் கொஞ்சம் அலைந்தாய். ஆனால் உன் ஆசையெல்லாம் மறுபதிப்பின் மேல்தான். அந்தக் காலத்தில் பதிவு செய்த மூல நாடாவைத் தேடி எடுத்து, தூசு தட்டி, புதிதாகக் கனத்த தட்டில் அடித்து விடுகிறார்களே, அதற்கு நீயே ஒரு பெயர் வைத்தாய், மறுதாம்பு என்று. கரும்பை வெட்டிய பிறகு அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து வருகிற இரண்டாவது பயிருக்குச் சொல்லும் பேர். பாரூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் நீ கற்றுக்கொண்ட வார்த்தை. முதல் அச்சு உனக்கு நடவு, மறுபதிப்பு மறுதாம்பு.

"நடவு நடவுன்னு பீத்திக்கிறாங்களே, கீறல் விழுந்துடும்னு பொட்டியில பூட்டி வெக்கறதுக்கா? தட்டு கேக்கறதுக்குடி" என்பாய். பெங்களூரில் வாங்கிக்கொண்டு, மாமாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, போர்வையில் சுற்றிய தட்டுகளை இரண்டு பேருக்கும் நடுவில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி வருவாய். போலீஸ்காரர் நிறுத்தி ஒரு தரம் போர்வையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று முகத்தைச் சுளித்ததை எத்தனை தடவை சொல்லியிருப்பாய்!

நீ போனதிலிருந்து அந்த வீட்டில் சத்தமே இல்லை. டிவிகூடப் போட மாமா விடவில்லை. தட்டு சுற்றும் பெட்டியின் மேல் உன் பழைய நூல்புடவை ஒன்றைப் போட்டு மூடிவிட்டார். நான் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார்.

"எல்லாத்தையும் யாராவது எடுத்துக்கிட்டுப் போகட்டும் சுமதி. பாக்கப் பாக்க வயிறு எரியுது" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் எந்த முகத்தோடு வேண்டாம் என்பேன்? கேட்கவும் பிடிக்காது, வைக்கவும் இடமில்லை. ஆனால் அவை போய்விட்டால், நீ என்று சொல்லி இந்த ஓசூரில் காட்ட எனக்கு என்ன இருக்கிறது?

பெங்களூரில் நீ தட்டு வாங்குகிற கடைக்காரர் நஞ்சுண்டப்பாவுக்கு மாமாவே போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கார் எடுத்துக்கொண்டு வந்தார். உன் படத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு பீரோவைத் திறந்தார். ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நடுவில் கீறியிருக்கும் எண்ணைப் படித்து, சிலவற்றைக் கட்டில்மேல் வைத்தார், சிலவற்றைத் தரையில் வைத்தார். தரையில்தான் நிறையச் சேர்ந்தது.

"இதெல்லாம் ஏன் கீழே?" என்றேன்.

"ரீஇஷ்யூம்மா. ஆர்டர் போட்டா யாருக்கும் வீட்டுக்கே வரும். என் கடைக்கு வர்றவங்க இத கேக்க மாட்டாங்க."

தரையில் கிடந்தது அத்தனையும் உன் மறுதாம்பு. வேண்டாத பண்டமாக ஒதுக்கி வைத்தாரே என்று எனக்கு உள்ளே கொதித்தது. மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நஞ்சுண்டப்பா கையில் அந்தத் தட்டு வந்தது. அட்டையில் முயலும் கரடியும் கைகோத்து ஆடிக்கொண்டிருக்கும்.

"இது ஏனு? குழந்தைங்க பாட்டு மேடம் பீரோவுல எப்படி வந்துது?"

மாமா திரும்பினார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு நானே சொன்னேன். உங்கள் கல்யாண நாளுக்கு உனக்குத் தெரியாமல் ஒரு மறுதாம்பு வாங்கிவர மாமா தனியாகப் பெங்களூர் போனாரே, அந்தக் கதையை. இங்கிலீஷ் பேசுகிற பெரிய கடை, அங்கே போய் மறுதாம்பு என்று கேட்டால் நன்றாகவா இருக்கும்? கரும்பு ஆபீசர் வயலுக்கு வரும்போது அதை ராட்டூன் என்று சொல்வது மாமாவுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஜாஸ் ராட்டூன் இருக்குதுங்களா?" என்று கேட்டிருக்கிறார். கடைப் பையன் காதில் கார்ட்டூன் என்று விழுந்திருக்கிறது. நீ அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாய். அப்புறம் அந்தத் தட்டை முழுசாகப் போட்டுக் கேட்டுவிட்டு, ஜாஸ் தட்டுகளுக்கு நடுவிலேயே சொருகி வைத்தாய்.

நஞ்சுண்டப்பா சிரிக்கவில்லை. கையில் இருந்த தட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ராட்டூன்னா கரும்புதானே? நம்ம மண்டியா பக்கம் அதுக்குக் கூளென்னு சொல்வாங்க. எங்கப்பாவும் கரும்பு போட்டவர்தான்" என்றார். "மேடம் கடைக்கு வந்தா, மறுதாம்பு வந்துதா, மறுதாம்பு வந்துதான்னு கேப்பாங்க. ஏதோ தட்டுக் கம்பெனி பேருன்னு நெனச்சிட்டேன். அப்படி ஒரு கம்பெனியே இல்ல மேடம்னு சொன்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டாங்க."

ஏனக்கா, அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லியிருக்கக் கூடாதா? கம்பெனி பேர் என்று அவர் நம்பிக்கொண்டிருந்ததே உனக்கு விளையாட்டாகப் போய்விட்டதா?

நஞ்சுண்டப்பா தரையில் இருந்ததையும் அடுக்க ஆரம்பித்தார். "பிரிக்க மனசு வரல. எல்லாத்தையும் எடுத்துக்கறேன். கடையில மேடம் பேருல தனியா ஒரு தட்டு வரிசை வெக்கறேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். மாமா கேட்டதும் அதுதானே. எல்லாம் முடிந்தது என்று நான் சமையலறைப் பக்கம் எழுந்து போனேன்.

"வேணாங்க."

மாமா குரல்தான். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"நடவ எடுத்துக்கங்க. அது வெட்டின கரும்பு, வண்டியில ஏத்தலாம். மறுதாம்ப எப்பிடிங்க பேத்து எடுத்துக்கிட்டுப் போவீங்க? கட்டை இங்கதான இருக்குது?"

நஞ்சுண்டப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தரையில் இருந்ததைத் தொடாமல், கட்டில்மேல் இருந்ததை மட்டும் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார். போகும்போது மாமாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். உன் நடவெல்லாம் அவரோடு பெங்களூர் போய்விட்டது அக்கா. கோபமா உனக்கு? இருந்தால் மாமாவைத் திட்டாதே, என்னைத் திட்டு.

கார் சந்து திரும்பியதும் மாமா எழுந்து போய்ப் பெட்டியின் மேலிருந்த புடவையை எடுத்தார். மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "எதனா ஒண்ணு போடு" என்றார். எதைப் போடுவது என்று எனக்கு என்ன தெரியும்? கைக்குக் கிடைத்ததை எடுத்தேன். நீ செய்வது போலவே பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்துத் துடைத்தேன். ஊசியை வைத்தேன்.

முதலில் ஒரு பியானோ. பின்னாலேயே உன் ஊதுகிறவன் வந்துவிட்டான். வீடு முழுக்கச் சத்தம்.

"இத்தினி நாளா ஏன் போட வுடல தெரியுமா?" என்றார் மாமா. "அவ இல்லாமயும் இது ஓடிடுமோன்னு பயம் சுமதி."

தட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாமா புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். நான் ஊசியை எடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். அந்தப் பக்கம் முடியும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.

நேற்று மாமா பாரூர் போய்ச் சேர்ந்தார். என் அறையில் கட்டில் போய்ப் பீரோ வந்திருக்கிறது. மறுதாம்பு எல்லாம் அதற்குள் நெட்டுக்குத்தலாக நிற்கிறது, முயலும் கரடியும் உள்பட. தட்டு சுற்றும் பெட்டி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. வீட்டு ஓனரம்மா எட்டிப் பார்த்து, "இதெல்லாம் ஓடுமாம்மா?" என்று கேட்டாள். ஓடும் என்று சொன்னேன்.

வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. எனக்கு லீவு இருக்கிற ஞாயிற்றுக்கிழமை மாமா பஸ் ஏறி வருவார். ஒரு தட்டை எடுத்துத் துடைத்து, இரண்டு பக்கமும் முழுசாகக் கேட்போம். எதையும் பொட்டியில் போட்டுப் பூட்ட மாட்டேன், கீறல் விழுந்தால் விழட்டும். ஆனால் பிடித்திருக்கிறது என்று உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன். பிடிக்கவில்லை என்றால் உன் படத்தைப் பார்த்துச் சத்தமாகவே சொல்வேன். அதைக் கேட்டு, "கழுதைக்கு என்னடி தெரியும்" என்று ஒரே ஒரு தரம் நீ திட்ட வருவாய் என்றால், எல்லாத் தட்டையும் பிடிக்கவில்லை என்றே சொல்கிறேன்.

சண்டை போட ஆளில்லாமல் நிற்கும்
உன் தங்கச்சி,
சுமதி