நாத்தனாருக்குச் சொல்லாத 'வாங்க'

ஜூலை 7, திங்கள்

அருப்புக்கோட்டை முழுக்கப் புழுதிக் காற்று. காயப்போட்ட துணியெல்லாம் பாழ். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, அவர் ஊரான பரளச்சிக்கு அனுப்பாமல் இங்கேயே வைத்திருக்கிறேன்.

பள்ளியில் இன்று எட்டாம் வகுப்புக்கு ஆங்கில மரபுத்தொடர்கள் நடத்தினேன். 'கோல்டு ஷோல்டர்' ஒருவருக்கும் ஏறவில்லை. கைடில் 'பாராமுகம்' என்றிருந்தது. அதுவும் ஏறவில்லை. வீட்டுக்கு வந்தவரை 'வாங்க' என்று கேட்காமல் இருப்பது என்றேன். உடனே ஆளுக்கொரு அத்தை, சித்தப்பா பெயர் சொன்னார்கள்.

எனக்கு நாத்தனார். போன வருஷம் திருச்சுழி கோயிலுக்குப் போன அப்பா, சம்பந்தி உறவாயிற்றே என்று பழம் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றவரைப் பார்த்துவிட்டுப் போனை நோண்டினாளாம். பழத்தைப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டார். அப்பா இதுவரை என்னிடம் மூச்சு விடவில்லை. அவளே என் வீட்டுக்காரரிடம் சிரித்துக்கொண்டு சொன்னது.

என் வாசலுக்கும் ஒருநாள் வருவாள்.

ஜூலை 9, புதன்

அவள் மகளுக்குக் கல்யாணம். சனிக்கிழமை பத்திரிகை வைக்க வருகிறாளாம். வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றிப் போயிருக்கிறார். இன்னும் வசதி.

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, சோப்பு, அப்பாவுக்குச் சொட்டு மருந்து.

அவளுக்குத் தண்ணீர்கூடக் கிடையாது.

ஜூலை 12, சனி

வந்தாள். பட்டுச்சேலை, தாம்பாளம். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலில் நின்றாள். நான் வெங்காயம் உரித்தேன். நிமிர்ந்து ஒரு பார்வை, மறுபடி வெங்காயம். முகம் சுண்டிவிட்டது அவளுக்கு. என்ன சுகம்! இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் அழுதிருப்பாள்.

அதற்குள் உள்ளறையிலிருந்து அப்பா. கறுப்புக் கண்ணாடியோடு சுவரைத் தடவிக்கொண்டு.

"வாங்க தாயி. வெயில்ல நிக்கிறீகளே, உள்ள வாங்க."

தண்ணீரும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். குடித்தாள். அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டு, பத்திரிகையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

பாவி மனுஷர். யாருக்காகச் செய்தேன் இதை? அதை அவரிடம் சொல்லவும் முடியாது.

ஜூலை 13, ஞாயிறு

மாவு புளித்துவிட்டது. அப்பாவிடம் பேசவில்லை. தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன். மருந்து விட்டேன், வாய் திறக்காமல். உடம்பு சரியில்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆத்திரம் ஆறவில்லை.

ஜூலை 14, திங்கள்

பள்ளிக்குக் கிளம்பும்போது பார்த்தால், அப்பா வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். மருந்து இன்னும் ஒரு வாரம் பாக்கி. எங்கே என்று கேட்டேன்.

"ஊருக்குப் போறேன்த்தா. ரொம்ப நாள் இருந்துட்டேன்ல. நீ மொகம் குடுக்காதப்பவே வெளங்கிருச்சு."