குளிப்பாட்ட வருகிறவள்

கல்முனைக்குடி
12 ஜனவரி 2024

அன்புத் தங்கச்சி நஸ்லியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். நீயும் மச்சானும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க துஆச் செய்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று உன் மகள் சிரிப்பாள். சிரிக்கட்டும். நான் போனில் கோள் எடுத்தால் நீ சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்துவிட்டுக் கறி கிண்டுகிறாய். என் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தால், "பெரிய மாமி, எப்படி சுகம்?" என்று உன் மருமகன் குறுக்கே வருகிறார். பிறகு நான் மழையைப் பற்றித்தான் கதைக்க வேண்டியிருக்கிறது.

போன கிழமை கிளினிக்குக்குப் போனேன். புதிதாக வந்த பெண் டொக்டர், என் பழைய கோப்பைப் புரட்டிவிட்டு, "பன்னிரண்டு வருசமா? உங்களப் பாத்தா எங்களுக்கே சந்தோசம் அம்மா" என்றார். நோய் திரும்பி வரவில்லை, இனி வருடத்துக்கு ஒருமுறை வந்தால் போதுமாம். வெளியே வந்தேன். இந்த நல்ல செய்தியை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. பிள்ளைகளின் வாப்பா உயிரோடு இருந்திருந்தால் வழியில் ஓட்டோவை நிறுத்தி ஒரு கிலோ திராட்சை வாங்கியிருப்பார். நான் ஓட்டோவில் ஏறி நேரே வீட்டுக்கு வந்தேன்.

மகன்மார் இருவரும் நலம். பஸால் வரிப்பத்தான்சேனையில் பெண்சாதி வீட்டில், வயலும் தண்ணீரும் என்று இருக்கிறான். முஸ்தாக் சாய்ந்தமருதில் பெண்சாதி ஸப்னாவின் வீட்டில். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதுதானே நம் ஊர் வழக்கம். குறை சொல்லவில்லை. ஆனால் பெண்பிள்ளை பெறாதவளின் வீட்டில் கடைசியில் மிஞ்சுவது அவள் மட்டும்தான். வெள்ளிக்கிழமை வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், போகிறார்கள்.

இனி எழுத வந்த விசயத்துக்கு வருகிறேன். பக்கத்து வளவை, உன் சீதன வீட்டை, ஒரு புரோக்கர் வந்து அளந்துகொண்டு போனார். நீ விற்கப் போகிறாய் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒப்பரேசன் முடிந்து மஹரகம கேன்சர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கட்டிலில் இருந்து நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "ராத்தா, இத வேற ஒருத்தரும் காணமாட்டாங்க. மௌத்தானாலும் நான்தான் உங்களக் குளிப்பாட்டுவன்." அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் இருக்கிறேன்.

மகன்மாருக்கு என் வயிற்றில் ஒட்டியிருக்கும் பை பற்றித் தெரியும். ஆனால் ஆண்பிள்ளைகள், அவர்கள் குளிப்பாட்ட முடியாது. மருமக்களுக்குத் தெரியாது. பரம்பரையில் கேன்சர் என்று சம்பந்தம் குழம்பிவிடும் என்று அன்று மறைத்தோம். இனி எப்படிச் சொல்வது, மகள், உன் மாமிக்கு வயிற்றில் வைத்த ஓட்டை வழியாகத்தான் மலம் போகிறது என்று? ஆகவே சித்தி லைலாதான் வருவாள். நம் மஹல்லாவில் பெண் மையித்தெல்லாம் அவள் கையால்தான் குளித்துப் போகின்றன. அவள் வாய் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது. காலையில் மௌத்தானால் அன்று பின்னேரம் அஸருக்குள் அடக்கிவிடுவார்கள். நீ கட்டுநாயக்கவில் வந்து இறங்கும்போது நான் மண்ணுக்குள் இருப்பேன்.

வீட்டை விற்றால் நீ திரும்பி வரமாட்டாய். இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. என்னைக் குளிப்பாட்டுவது யார்?

உன் ராத்தா
முனவ்வறா


லெஸ்டர்
4 பெப்ரவரி 2024

என் ராத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை வாசித்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. சாவு வாசல்வரை போய்த் திரும்பியவள் நீங்கள். டொக்டரே சந்தோசம் என்கிறார். நீங்கள் என்னவென்றால் கபன் துணியைப் பற்றி எழுதுகிறீர்கள்.

வீட்டு விசயம் சொல்லாதது என் பிழை. ஆளில்லாமல் கூரையெல்லாம் கறையான். மகளுக்கு இங்கே ஒரு வீடு பார்க்கிறோம், வேறு வழியில்லை. உங்களிடம் சொன்னால் அழுவீர்கள் என்று தள்ளிப் போட்டேன்.

ராத்தா, இங்கே இந்தப் பையோடு நீந்தப் போகிறார்கள். தொலைக்காட்சியில் வந்து பேசுகிறார்கள். எங்கள் ஊரில்தான் இதைப் பெரிய வெட்கமாக்கி வைத்திருக்கிறோம். ஸப்னா நல்ல பிள்ளை, பக்குவமாகச் சொல்லுங்கள். அவள் பார்த்துக்கொள்வாள்.

மஹரகமவில் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் உண்மையை எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். அன்று நான் பக்கத்து வீட்டில் இருந்தேன். ஒரு மாதமோ இரண்டு மாதமோ என்று நினைத்துத்தான் அதைச் சொன்னேன். அல்லாஹ் உங்களுக்கு ஆயுளைத் தந்துவிட்டான். அதற்கு நான் எத்தனை ஷுக்ர் செய்தாலும் போதாது.

மரக்கறி கவனம். கோவாக் கறி சாப்பிட வேண்டாம், பைக்குள் காற்று சேரும்.

உங்கள்
நஸ்லியா


கல்முனைக்குடி
3 மார்ச் 2024

அன்புள்ள நஸ்லியா,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் கிடைத்தது.

ஒரு மாதமோ இரண்டு மாதமோ என்று நினைத்துச் சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த வரியைப் பலமுறை வாசித்தேன். உன்னை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அன்று வந்து அழுதவர்கள் எல்லோரும் நான் போய்விடுவேன் என்றுதான் அழுதார்கள். போகாமல் விட்டதும் அவர்களுக்கு என்னை என்ன செய்வதென்று தெரியவில்லை. நோயாளியைப் பார்க்க ஊரே வரும். சுகமாகிவிட்டவளின் வீட்டுக்கு யார் வருவார்கள்?

சுகமானவள் எப்படி இருக்கிறாள் என்று நீயும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கலியாண வீட்டுக்குப் போவதென்றால் முதல் நாளே சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். அங்கே போய் ஸலாம் சொல்லிவிட்டு, சாப்பாட்டுச் சஹன் வைக்கும் முன் செருப்பைத் தேட வேண்டும். ஒருமுறை நோன்பு இரவில் பெண்களோடு தறாவீஹ் தொழப் போய், ருகூவில் குனியும்போது பையில் சத்தம் வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவள் அடுத்த றக்அத்தில் சற்றுத் தள்ளி நின்றாள். அதன் பிறகு நான் வீட்டில்தான் தொழுகிறேன். ஊரில் எனக்குப் பெயர் பெருமைக்காரி.

உன் ஊரில் நீந்துகிறவர்கள் நீந்தட்டும். நான் கல்முனையில் இருக்கிறேன்.

நோன்பு வருகிறது. பிள்ளைகளுக்கு என் ஸலாம்.

முனவ்வறா


லெஸ்டர்
20 ஜூன் 2024

அன்பு ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளைக்கும் போனில் "ஓம்", "இல்ல" என்றுதான் கதைத்தீர்கள். என்னை இப்படித் தண்டிக்காதீர்கள்.

வளவு கை மாறிவிட்டது. கையெழுத்துப் போட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாங்கியவர்கள் நல்ல மனிதர்களாம், உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்களாம்.

நீங்கள் கேட்டதற்கு நான் இன்னும் சரியான பதில் எழுதவில்லை என்று தெரியும். ஸப்னாவிடம் சொன்னீர்களா? ஒரு வரியாவது எழுதுங்கள்.

நஸ்லியா


கல்முனைக்குடி
9 பெப்ரவரி 2025

அன்புத் தங்கச்சி,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் எழுதாமல் விட்டது கோபத்தால் அல்ல என்று எழுதினால் அது பொய். கோபம்தான். இப்போது இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் வளவு விற்ற பிறகு நான் சித்தி லைலாவிடம் போனேன். "எனக்கும் குளிப்பாட்டப் பழக்கிவிடுங்க, நன்மையான வேலை" என்றேன். உண்மையில் நன்மைக்குப் போகவில்லை, அவள் வாயைச் சோதிக்கப் போனேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இப்பதானா உங்களுக்கு எங்கட நெனப்பு வந்த?" என்று கேட்டாள். ஆனாலும் சேர்த்துக்கொண்டாள்.

நாலைந்து வீடுகளுக்கு அவளோடு போனேன். இலந்தை இலை போட்டுத் தண்ணீர் சுட வைக்கவும், துணியை விலக்காமல் அதற்குள்ளேயே கையை விட்டுக் கழுவவும் பழகினேன். திரும்பி வரும்போது அவளைக் கிண்டிப் பார்ப்பேன். அந்த மனுசிக்கு முதுகில் என்ன காயம், இந்த மனுசிக்கு ஏன் கால் அப்படி வீங்கியிருந்தது என்று. "எனக்கு மறதி கா" என்பாள். யார் வீட்டில் மாடு எப்போது கன்று போட்டது என்பதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. காலையில் கழுவிய மையித்து மட்டும் மறந்து போகிறது.

பிறகு ஒரு நாள். எந்த நாள், எந்தத் தெரு என்று எழுத மாட்டேன், நீயும் கேட்காதே. குளிப்பாட்டுகிறவள் கண்டதை மூட வேண்டும். மௌத்தானவள் எனக்கு முகம் தெரிந்தவள், என்னைவிட வயது குறைந்தவள் என்பது மட்டும் போதும். மேலே துணியைப் பிடித்துக்கொண்டு சட்டையை வெட்டி எடுத்தோம். இடது பக்க வயிற்றில் என் பை இருந்தது.

அதே வட்டம், அதே நிறம். கொஞ்ச நேரம் அங்கே படுத்திருப்பது நான்தான் என்று தோன்றியது.

நஸ்லியா, அவளும் கலியாண வீடுகளில் சாப்பிடாமல் எழும்பிப் போகிறவள். நம் சோறு அவளுக்கு இறங்காது, அத்தனை பெருமை என்று அவளைப் பற்றிக் கதைத்தவர்களில் நானும் ஒருத்தி. இத்தனை காலம் நடந்து போகிற தூரத்தில் இருந்திருக்கிறோம். அவள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தாள், நான் என் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். பை ஒட்டிய இடத்தைச் சுற்றித் தோல் வெந்து சிவந்து கிடந்தது. அதற்கு என்ன பூச வேண்டும், வட்டத்தை எந்த அளவில் வெட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குச் சொல்ல யாருமே இருக்கவில்லை. எனக்குத் தாங்க முடியாமல் போனது அதுதான்.

சித்தி லைலா பையைக் கழற்றப் பார்த்தாள், வரவில்லை. இழுத்தால் தோல் கிழிந்துவிடும். "தள்ளுங்க, நான் எடுக்கன்" என்றேன். ஓரத்தை நனைத்து, தோலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு மேலிருந்து மெதுவாக உரித்தேன், எனக்குச் செய்வது போலத்தான். பிறகு அந்த இடத்தைப் பஞ்சால் அடைத்து மூடினேன். சித்தி லைலா என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வழியில் நானே சொன்னேன், எனக்கும் இருக்கிறது என்று. மௌத்தானவளின் விசயத்தைத்தான் மூட வேண்டும், என்னுடையதை நான் சொல்லலாம்தானே. "அங்க வெச்சே விளங்கிட்டு" என்றாள். கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு, "அப்ப எனக்கு ஒருக்காக் காட்டுங்க கா. உங்களுக்கு நான் செய்யக்குள்ள பக்கத்துல நிண்டு சொல்லித்தார ஆள் இருக்காதே" என்றாள். நடுவீதியில் நின்று சிரித்தேன். நான் கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த நாள் லுஹருக்குப் பிறகு வந்தாள். கதவைச் சாத்திவிட்டுக் காட்டினேன். முகம் சுளிக்கவில்லை. கழற்றி, துடைத்து, புதிதாக ஒட்டிப் பழகினாள். "நோகுதா?" என்று கேட்டாள். அவர் போன பிறகு அதை என்னிடம் கேட்ட ஆள் அவள்தான். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள். இப்போதும் இடைக்கிடை வருகிறாள்.

ஸப்னாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லுவேன், இன்ஷா அல்லாஹ். மற்றபடி வீடு பழைய வீடுதான். மகன்மார் போன பிறகு கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு நான் மட்டும் இருப்பேன். அது மாறப் போவதில்லை, மாறும் என்று நான் நினைக்கவும் இல்லை.

மஹரகமவில் நீ தந்த வாக்கை நான் விட்டுவிட்டேன், நஸ்லியா. மனதாரத்தான் எழுதுகிறேன். என் மௌத்துச் செய்தி வந்தால் நீ விமானத்துக்கு ஓடத் தேவையில்லை. இருந்த இடத்தில் இருந்து யாஸீன் ஓது, போதும்.

உன் ராத்தா
முனவ்வறா


லெஸ்டர்
16 மார்ச் 2025

என் ராத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கடிதத்தைக் காருக்குள் இருந்து வாசித்தேன். இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனேன்.

நல்ல செய்தி. என்னைவிடச் சந்தோசப்பட வேண்டியவர் வேறு யாரும் இல்லை. சித்தி லைலாவுக்கு என் ஸலாத்தைச் சொல்லுங்கள். அவளுக்கு நான் துஆச் செய்கிறேன்.

ஆனால் வாக்கை விட்டுவிட்டேன் என்று நீங்கள் எழுதிய இடத்துக்குத்தான் திரும்பத் திரும்பப் போனேன். நான் அதைக் காப்பாற்ற மாட்டேன் என்று எனக்கே தெரியும், ராத்தா. இருந்தாலும் ஊரில் என்னைத் தேட ஓர் ஆள் இருக்கிறார், நான் வந்தால்தான் ஆகும் ஒரு வேலை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருடம் இங்கே இருந்துவிட்டேன். வளவும் போய்விட்டது. இப்போது அதுவும் போய்விட்டது. உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் எனக்கு இலேசாக்கித்தான் தந்தீர்கள்.

நேற்று நோன்பு திறந்த பிறகு மகளிடம் கேட்டேன், "உம்மா மௌத்தானா நீ குளிப்பாட்டுவியா?" என்று. அவள் போனில் இருந்து தலையைத் தூக்கி, "எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. பள்ளிவாசல்ல அதுக்கு ஆக்கள் இருக்காங்க, கோள் எடுத்தா வருவாங்க" என்றாள். அன்பில்லாமல் சொல்லவில்லை. பிறகு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்து, ஏன் உம்மா, ஏதாவது வருத்தமா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

வருகிறவர்கள் நல்ல மனிதர்களாகத்தான் இருப்பார்கள். எல்லாம் முறையாகச் செய்வார்கள். சோமாலியப் பெண்களோ குஜராத்திப் பெண்களோ, யாரோ. என் பெயரை ஒரு தாளில் பார்த்துவிட்டு வருவார்கள். சின்ன வயதில் உம்மா என்னைக் கிணற்றடியில் நிறுத்த, நீங்கள் தண்ணீர் ஊற்றியது அவர்களுக்குத் தெரியாது.

எனக்குப் பயமாக இருக்கிறது, ராத்தா.

நஸ்லியா