பிழைத்த கூறு

முத்தியால்பேட்டை,
20.3.2007

அன்பு கலைக்கு,

இங்கே நான், அத்தை, மாடியில் இருபத்திரண்டு தொட்டிச் செடிகள், எண்ணி முடியாத புழுக்கள், எல்லோரும் சுகம். போர்ட்பிளேரில் நீங்களும் உங்கள் படகு எஞ்சின்களும் சுகமாக இருக்க வேண்டும். இடது கை விரலில் பட்ட வெட்டு ஆறிவிட்டதா? போனில் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றீர்கள். அப்படிச் சொன்னதால்தான் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், அதற்குள் கடிதமா என்று நினைப்பீர்கள். கைபேசி ஒன்றுதான். நான் பேசும்போது அத்தை என் தோளை ஒட்டி நிற்கிறார், அவர் பேசும்போது நான் பக்கத்தில் நிற்கிறேன். சொல்ல வேண்டியதை அதில் சொல்ல முடியாது. அதோடு, மூன்று நாளாக எனக்குள் ஏதோ கொதித்துக்கொண்டே இருக்கிறது. எழுதினால்தான் அடங்கும்.

உங்கள் மாசி மாதக் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. சித்திரையில் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிடும், கப்பலில் கிளம்பி வா, அம்மாவை அக்கா வீட்டில் விட்டுவிடலாம், நீங்கள் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே இல்லையே, அம்மாவுக்கும் அதுதான் நிம்மதி என்று எழுதியிருந்தீர்கள். மறைக்காமல் சொல்கிறேன், படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதன் பிறகு மாடிக்குப் போய் அத்தையைப் பார்த்தேன். கடிதத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன்.

நாங்கள் பேசிக்கொள்ளாதது உண்மைதான். நீங்கள் ஆடியில் கிளம்பியதிலிருந்து மார்கழி வரைக்கும் அத்தை என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சுவரைப் பார்த்து "சோறு ஆறுது" என்பார். காக்கையைப் பார்த்து "இன்னிக்கி ஆறு மணிக்கு வர வேண்டியவங்க ஏழு மணிக்கு வராங்க" என்பார். நானும் அதற்குக் குறைந்தவள் இல்லை. டிடிபி சென்டரிலிருந்து வந்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவேன். நான் வாய் பேசாமல் இருப்பது என் சுபாவம் என்று நினைத்திருந்தேன். அவர் அதைப் படித்த திமிர் என்று நினைத்திருக்கிறார். கடல் வந்து பிள்ளைச்சாவடி வீடு போன பிறகு, முழங்கால் வலியில் மீன் கூடையும் போன பிறகு, ஒரு மாடி வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

இதற்கு நடுவில்தான் புழு வந்தது. சென்டருக்கு ஜானகிராமன் என்று ஒரு விவசாய அலுவலர் கையேடு ஒன்றைத் தட்டச்சு செய்யக் கொண்டுவந்தார். வீட்டுத் தொட்டிகளுக்கு மண்புழு உரம் செய்வது பற்றிப் பன்னிரண்டு பக்கம். அடிக்க அடிக்க எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. மண்புழு தின்று கழிக்கும் மண், டீத்தூள் மாதிரி பொலபொலவென்று இருக்கும், தொட்டிக்கு இரண்டு கைப்பிடி போதும் என்று எழுதியிருந்தார். பிழை திருத்த வந்தபோது இதெல்லாம் நிஜம்தானா என்று கேட்டுவிட்டேன். மறுநாள் ஒரு தயிர் டப்பாவில் புழு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

கீழ்வீட்டு தேவதாஸ் ஐயாவைத் தெரியுமே. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், புழு என்றதும் "நோன், நோன்" என்று இரண்டு கையையும் ஆட்டினார். படியில் ஒரு புழு தென்பட்டாலும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். பழைய பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் ஓட்டை போட்டு, செங்கல் ஜல்லி, மணல், தேங்காய் நார், காய்ந்த சாணம், சருகு என்று அடுக்கி, ஈரச் சாக்கால் மூடி வைத்தேன். நாற்பது நாளில் முதல் உரம். நான்கு மிளகாய்த் தொட்டியில் இரண்டுக்கு மட்டும் போட்டேன், மற்ற இரண்டுக்கு வெறும் தண்ணீர். மூன்றாவது வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. உரம் போட்டவற்றின் இலை கறுத்த பச்சை, முழங்கை உயரம். போடாதவை என்னை மாதிரி ஒரு மூலையில் ஒடுங்கி நின்றன. இதையெல்லாம் அத்தை தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

இனிமேல் எழுதப் போவதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை.

மார்கழியில் ஒரு நாள் மதியமே வேலை முடிந்து மாடிக்கு வந்தால், தொட்டியைச் சுற்றித் தரையெல்லாம் புழு. சுவர் ஏறித் தப்பிக்கப் பார்த்து, விழுந்து, சுருண்டு கிடந்தன. சாக்கைத் தூக்கினேன். கருவாட்டு வாசனை அடித்தது.

அத்தைதான். உங்கள் ஊரில் மீன் கழுவிய தண்ணீரை முருங்கைக்கும் தென்னைக்கும் ஊற்றுவீர்கள் அல்லவா, செடிக்கு ஆகும் என்றால் புழுவுக்கும் ஆகும் என்று நினைத்திருக்கிறார். எங்களுக்குள் பேச்சு இருந்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருப்பார். கேட்காமல், நான் இல்லாத நேரமாகப் பார்த்து, கருவாடு ஊறவைத்த தண்ணீரை மூன்று நாள் ஊற்றியிருக்கிறார். அவ்வளவும் உப்பு. மருமகளுக்குத் தெரியாமல் மருமகளுக்கு உதவி செய்திருக்கிறார், கலை.

நான் கத்தவில்லை. பேசாமல் நின்றேன். அதுதான் அவரை அதிகமாகச் சுட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால், உள்ளே புடவைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். சுவரிடம்தான் சொன்னார்: "நம்ம கை பட்டா எதுவும் வெளங்காது. முத்தம்மா ஊட்டுக்கே போயிடறது நல்லது."

உங்கள் அக்கா வீட்டில் ஒரே அறை, ஐந்து பேர். மருமகன் முகம் பார்த்துச் சாப்பிட வேண்டும் என்றுதான் இரண்டு வருடமாக அவர் அங்கே ஒரு இரவுகூடத் தங்கியதில்லை. அந்த வாசற்படிக்கா இந்த மூட்டை என்று நினைத்ததும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. உயிரோடு இருப்பதும் செத்ததும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது, பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை, வெயில் போவதற்குள் எடுக்காவிட்டால் மிச்சமும் போய்விடும், நீங்கள் வந்தால்தான் ஆகும் என்றேன். அவரைப் பார்த்து நான் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுதான்.

மூட்டையைக் கீழே வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அந்தக் கைகள் வேலை செய்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாற்பது வருடம் பொடி மீனிலிருந்து இறாலைப் பொறுக்கிய விரல்கள். நான் ஒரு புழுவை எடுத்துத் திருப்பிப் பார்ப்பதற்குள் அவர் பத்து எடுத்துவிடுவார். கடற்கரையில் மீனைக் கூறு கட்டுவது போலவே மூன்று கூறு. "இது பொழச்ச கூறு. இது போன கூறு. இது சந்தேகக் கூறு, இதைத் தண்ணியில அலசிப் பாரு" என்றார். சுவரிடம் இல்லை. என்னிடம். சந்தேகக் கூறில் பாதி பிழைத்தது. தேவதாஸ் ஐயா சத்தம் கேட்டு மேலே வந்து, மூன்று குவியலையும் பார்த்துவிட்டு வந்த வழியே இறங்கிப் போனார்.

அன்றைக்கு மூட்டையை அவிழ்த்தவள் நான்தான். அவர் பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு தொட்டி அவருடையது. சாணத்துக்கு யாரிடம் போக வேண்டும், எறும்பு வராமல் தொட்டியின் கீழே தண்ணீர்த் தட்டு வைப்பது, எல்லாம் அவர் கணக்கு. கையேட்டைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். சில இடங்களில் "எளுதுனவனுக்கு இது தெரியல" என்று திருத்தினார். தையில் ஒரு காலை என்னைத் தூக்கத்திலிருந்து உலுக்கி எழுப்பி மாடிக்கு இழுத்துப் போனார். உள்ளங்கையில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக மஞ்சள் முத்துகள், புழு முட்டை. பக்கத்தில் வெள்ளை நூல் மாதிரி நெளிந்துகொண்டு குட்டிகள். "உப்பைத் தாண்டி வந்துடுச்சிடி" என்றார். என்னை அவர் முதன்முதலாக "டி" போட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். டிடிபி சென்டருக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு.

இப்போது மாடியைப் பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. கத்தரி கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. மல்லி இந்த வாரம் மட்டும் நான்கு முழம். செத்துப்போனது என்று நான் ஒதுக்கி வைத்த ரோஜாவின் தண்டில் அத்தை உரத்தை வாரி அணைத்துவிட்டார். சனிக்கிழமை அது மூன்று துளிர் விட்டது. அதிலிருந்துதான் இந்தக் கொதிப்பு எனக்கு. தேவதாஸ் ஐயா தன் குரோட்டன்ஸுக்குக் கொஞ்சம் உரம் கேட்டு டிபன் டப்பாவோடு மாடிக்கு வந்தார். வீட்டைக் காலி செய்யச் சொன்ன வாயால் ஒருமுறை கெஞ்சட்டும் என்று அத்தை அவரைக் கொஞ்ச நேரம் காக்க வைத்துவிட்டுத்தான் கொடுத்தார்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன்.

நேற்று சாயந்திரம் அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஒளித்து வைத்திருப்பது தப்பு என்று தோன்றியது. முழுவதையும் படித்துக் காட்டினேன், அக்கா வீட்டில் விட்டுவிடலாம் என்று நீங்கள் எழுதிய வரி உட்பட. அந்த வரிக்கு மட்டும் என் குரல் சின்னதாகிவிட்டது. மறுபடியும் மூட்டை கட்டுவார் என்று பயந்துகொண்டே நின்றேன். அவர் ஒரு மிளகாய்த் தொட்டிக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்தார். மண்ணைக் கிளறிவிட்டார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அந்த ஊரு மண்ணு எப்பிடியாம்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன். "அவனக் கேளு" என்றார்.

அதனால் கேட்கிறேன். குவார்ட்டர்ஸ் வாசலில் இருப்பது செம்மண்ணா, களியா, மணலா? உப்புப் பூத்திருக்கிறதா? மழை எத்தனை மாதம்? சாணம் கிடைக்குமா? கையில் ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்த்து எழுதுங்கள். ஒரு வாளிப் புழுவைக் கப்பலில் ஏற்ற விடுவார்களா என்று நான் இங்கே விசாரிக்கிறேன். உங்களோடு இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எவ்வளவு இருக்கிறது என்பதை எழுதத் தெரியவில்லை. உங்களுக்கே தெரியும். ஆனாலும் ஒரு டிக்கெட் அனுப்பாதீர்கள், இரண்டு அனுப்புங்கள். கீழ்த்தட்டுப் படுக்கையாகப் பார்த்துப் போடுங்கள், முழங்கால்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். வருகிறாயா அம்மா என்று போனில் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் வரமாட்டேன் என்றுதான் சொல்வார், சொல்லிவிட்டால் அந்தச் சொல்லைக் காப்பாற்றுவார். மண்ணைப் பற்றி மட்டும் எழுதுங்கள். எனக்கு எழுத வேண்டாம், அவருக்கு எழுதுங்கள். அவர் பெயருக்கு இந்த வீட்டில் இதுவரை ஒரு தபாலும் வந்ததில்லை. உறையின் மேல் அஞ்சலாட்சி அம்மாள் என்று பெரிதாக எழுதுங்கள். படித்துக் காட்டுவதற்கு நான் இருக்கிறேன்.

விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வேம்பு