ஆத்தூர்ப் பாலத்தில் நீ சொன்ன பொய்

இன்று காலை காரை சர்வீஸுக்கு விட்டேன். உன் பட்டறைதான் பூட்டிக் கிடக்கிறதே, வேறெங்கே போவது? பைபாஸ் பக்கம் புதிதாகத் திறந்திருக்கிறார்கள். பானெட்டைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக், கிரில்லுக்குப் பின்னால் நீ மாட்டிய அந்தச் சின்ன கூலரை விரலால் தட்டி, "மேடம், இது கம்பெனியில வாரது இல்லையே, எவன் மாட்டுனது?" என்று கேட்டான். எவனாம்! எனக்குச் சுள்ளென்று வந்தது. "மரியாதையாப் பேசுங்க, அவரு செத்துப்போயிட்டாரு" என்றேன். பாவம், அவன் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு அவன் கியர் பாக்ஸ் ஆயிலின் அளவு பார்க்கும் குச்சியை உருவித் துணியில் துடைத்தான். அந்த வாசனை வந்ததும் நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

உன் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை அது. ஐந்தாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்தவன், பிறகு கல்ஃபுக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆட்டோமேட்டிக் கார்களைப் பிரித்துப் பூட்டியவன், லீவில் ஊருக்கு வந்து என் காரைப் பார்த்ததும் முதலில் விசாரித்தது என் நலத்தையா? இல்லை. "ஏளா, இந்த வெயில்ல இந்தக் கியர் பாக்ஸ் எப்படித் தாங்குது?" என்றுதான் கேட்டாய்.

தாங்கத்தான் இல்லை. தூத்துக்குடியிலிருந்து ஆறுமுகநேரிப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் போய் வருவேன். சித்திரை, வைகாசியில் துறைமுகத்து லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போனால், பாதி வழியில் கியர் விழத் தயங்கும். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் என் இடது கால் சூம்பிப் போனது உனக்குத் தெரியும். கிளட்ச் மிதிக்க என்னால் ஆகாது. இந்த ஆட்டோமேட்டிக் கார் வருமுன் பஸ் படியில் நான் விழாத மாதம் இல்லை. கார் என் சம்பளத்தில் வாங்கியது, ஆர்.சி. மட்டும் அண்ணன் பேரில். "கால் முடியாதவ பேருல எடுத்தா ஆயிரம் கேள்வி வரும்" என்று அவன் சொன்னான், நானும் தலையாட்டினேன். அதனால் காரில் ஒரு சத்தம் கேட்டாலும், "வித்துரலாம்ளா, நம்ம லாரி டிரைவர் எவனாவது கொண்டு விடுவான்" என்று ஆரம்பித்துவிடுவான். நினைத்த நேரத்துக்குக் கிளம்ப, நினைத்த இடத்தில் நிறுத்த, எனக்கென்று இருந்தது அந்தச் சாவி ஒன்றுதான்.

அடுத்த முறை, பட்டறை போட ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது, எல்லோரும் சோப்பும் சென்ட்டும் கொண்டுவரும் பெட்டியில் நீ கியர் பாக்ஸ் ஆயிலைக் குளிரவைக்கும் இந்தக் கூலரைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதை மாட்டினோம். மாட்டினோம் என்றால், நீ மாட்டினாய், நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து திட்டு வாங்கினேன். ரேடியேட்டரிலிருந்து கியர் பாக்ஸுக்கு ஆயில் திரும்பும் குழாய் எது என்று கண்டுபிடிக்க, குழாயைக் கழற்றித் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டு, "ஸ்டார்ட் பண்ணு, மூணு எண்ணுனதும் ஆஃப் பண்ணிரு" என்றாய். பண்ணினேன். "ஆஃப், ஆஃப், ஏளா ஆஃப்!" நான் சாவியைத் திருப்புவதற்குள் உன் சட்டையெல்லாம் சிவப்பு எண்ணெய். "கணக்கு டீச்சருக்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரியலையே" என்று நீ சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. கூலருக்கு ரப்பர் ஹோஸ் மாட்டி, கிளாம்ப் முடுக்கி, என்ஜினைச் சூடாக்கி, குச்சியைப் பார்த்துப் பார்த்து ஆயில் ஊற்றினாய். அந்தக் கோடை முழுக்க கார் ஒரு முனகல் கூட முனகவில்லை.

கெடுத்தது நான்தான். உப்பு லாரிக்காரர் வீட்டில் பிறந்தவள் புத்தி! உப்பு ஏற்றிய லாரி ஒழுகிக்கொண்டே போகும் சாலையில் இரும்பு எதுவும் நிற்காது என்று எங்கள் வீட்டில் லாரிக்கு அடியெல்லாம் கிரீஸ் பூசிவிடுவார்கள். உன் கூலர் துருப்பிடித்துவிடுமே என்று எனக்குக் கவலை. ஒரு டப்பா கிரீஸை எடுத்து, பிரஷ்ஷால் அந்த மெல்லிய தகடுகளின் மேல் சந்து பொந்து விடாமல் அப்பினேன். உனக்கு ஒரு வார்த்தை போன் போட்டுக் கேட்கவில்லை. ஒரே மாதத்தில் முள்ளக்காட்டுப் புழுதியெல்லாம் அதில் ஒட்டிக் காற்றுப் போக வழியில்லாமல் அடைத்துவிட்டது.

ஆத்தூர்ப் பாலத்தின் நடுவில் கார் நின்றது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் என்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கருகல் நாற்றம் வேறு. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே கொன்றார்கள். உனக்குப் போன் செய்தேன். எங்கள் லாரி ஒன்று அந்த வழியாக வந்ததால் அண்ணனுக்கும் சேதி போய், நீ வந்து பானெட்டைத் திறக்கும் நேரத்தில் அவனும் வந்து நின்றான்.

"என்ன செஞ்சா இவ?" என்று கேட்டான் அண்ணன்.

நீ குனிந்து பார்த்தாய். கட்டைவிரலால் ஒரு வழி வழித்தாய். என்னை ஒரு பார்வை பார்த்தாய். விரலை வேட்டித் துணியில் துடைத்துவிட்டு, "அவ ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. ஹோஸு மடங்கிக் கெடக்கு, நாந்தான் கவனிக்காம மாட்டிட்டேன்" என்றாய்.

அண்ணன் உன்னை என்னென்ன பேசினான்! ரோட்டில் போகிறவனெல்லாம் நின்று கேட்டான். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். அவன் போன பிறகுதான் என்னிடம் திரும்பி, "ஏளா, மூஞ்சிக்கு பவுடர் பூசு, கூலருக்கு கிரீஸ் பூசாத" என்றாய். மறுநாளே மண்ணெண்ணெயும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து தகடு தகடாகக் கழுவி, கருகிய ஆயிலை மாற்றிக் கொடுத்தாய். நல்லவேளை, கியர் பாக்ஸ் பிழைத்துக்கொண்டது.

பிழைக்காதது உன் பேர். "கல்ஃபு மெக்கானிக்காம், ஒரு ஹோஸு மாட்டத் தெரியல" என்று அண்ணன் கடைக்குக் கடை சொன்னான். எங்கள் லாரிகள் உன் பட்டறைக்கு வருவது நின்றது. அவர்களைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். ஒருமுறை உன்னிடம், "அண்ணன்ட்ட உண்மையைச் சொல்லிரட்டுமாலே?" என்று கேட்டேன். "சொன்னா சாவியப் புடுங்கிருவாரு. வேலைக்குப் போற வழியப் பாரு" என்றாய். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்: நீ வேண்டாம் என்று சொல்வாய் என்ற தைரியத்தில்தான் கேட்டேன். நீ சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆறு வருஷம் அந்த நிம்மதியில் கார் ஓட்டினேன். போன ஆனியில் நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், நீ திரும்பவில்லை.

இன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து, புது மெக்கானிக் கேட்டதை அண்ணனிடம் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த ஹோஸ மடக்கி மாட்டுனவன்தான்னு சொல்ல வேண்டியதுதான" என்றான்.

"ஹோஸு மடங்கலண்ணே. நான்தான் கூலர்ல கிரீஸ் பூசிக் கெடுத்தேன். அவன் எனக்காகப் பொய் சொன்னான்."

சொல்லிவிட்டு, கார் சாவியைப் பையிலிருந்து எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். எப்படியும் கேட்பான், நாமே கொடுத்துவிடலாம் என்றுதான்.

அண்ணன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

"அவன் உசுரோட இருக்கையில சொல்லியிருக்கக் கூடாதாளா? நான் போயி அவன் கையப் புடிச்சிருப்பேனே" என்றான். பிறகு இடது கையால் சாவியை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து கை கழுவப் போனான்.

அவ்வளவுதான். அவன் சாவியைப் பிடுங்கவில்லை. நாளைக் காலையில் நான் வழக்கம்போலப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் போவேன். உன் கூலர் நன்றாகத்தான் வேலை செய்கிறது. அண்ணனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அந்த ஒரு நிமிஷத்தை உனக்கு ஆறு வருஷமாகக் கொடுக்காமல் வைத்திருந்தேன்.